காவல்காரருக்கு அழுத அழுகை

1

தபால் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. அக்காள் "அழாதே, ஆண்டவர் இருக்கிறார்" என்று எழுதுகிறாள். சித்தப்பா "கண்ணீர் விட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே" என்கிறார். என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி, இப்போது தூத்துக்குடியில் டீச்சராக இருக்கிறாள், அவளும் "மனசைக் கல்லாக்கிக்கொள்" என்று புத்தி சொல்கிறாள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு வரி எழுத வழியில்லாமல் இருந்தவர்கள், வழி திறந்ததும் எனக்கு அனுப்பியது இந்தத் தடையுத்தரவைத்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்பில்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். ஆனால் ஜப்பான்காரன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்ட இந்த நேரத்தில், நேற்று தோட்டத்து ஆபீசில் நடந்த ஒன்றுக்குப் பிறகு, இதற்கு ஒரு பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. தனித்தனியாக எழுதக் காகிதம் கிடையாது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். படித்துவிட்டுக் கைமாற்றிக் கொடுங்கள்.

நான் இருப்பது மலாயாவில் ஜொகூர் பக்கம், லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டம். என் கணவர் இங்கே டிரெஸராக இருந்தார். டாக்டர் இல்லாத தோட்டத்தில் டாக்டர் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் பெயர் டிரெஸரம்மாதான். ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வீடு. அதற்கும் கீழே, சரிவில், பால்மரம் வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், லயங்கள் என்பார்கள். நாங்கள் மேலே, அவர்கள் கீழே. இதை அந்த நாளில் நான் கொஞ்சம் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

2

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியேறினார். ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளிக் குச்சி நட்டோம். அரிசி என்பது கதையில் வரும் பொருளாகிவிட்டது. சாக்குத் துணியில் பாவாடை தைத்துக் கட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன், கட்டியும் இருக்கிறேன்.

என் மகள் செசிலி ஜப்பான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சென்செய் என்று அழைக்கப்பட்ட அவளுடைய வாத்தியார் தினமும் கிழக்கே பார்த்து வணங்கச் சொல்லிக் கொடுத்தார். அழுவது கோழைத்தனம், பெரிய அவமானம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். நான் காவல் சோதனைச் சாவடியில் குனிந்தது போதவில்லை என்று ஒரு சிப்பாய் என் தலையைப் பிடித்து அழுத்தியபோது, பக்கத்தில் நின்ற என் பெண் சொன்னாள்: "அம்மா, முதுக நேரா வெச்சுக் குனியணும். எத்தன வாட்டி சொல்லிக் கொடுத்தேன்?" அவளுக்கு அப்போது பத்து வயது. அன்று அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வர வேண்டும் என்று மணி அடித்தார்கள். பெரட்டு என்பது விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம். இரண்டு லாரிகள் வந்து நின்றன. தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி என்போம், தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். அந்தத் தாளை எழுதியவரும் அவர்தான். அவர் நம் பக்கத்து மனுஷர், நம் பேச்சுப் பேசுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் காப்பி குடித்தவர். கடைசிப் பெயராக என் கணவர் பெயரை வாசித்தபோது தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சயாம்ல ரயில் ரோடு போடுறாங்களாம். மூணே மாசம். காயம்பட்டவங்களுக்கு மருந்து கட்ட ஆள் வேணுமாம்" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். லாரியில் ஏறும்போது அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நான் அழவில்லை. லயத்துப் பெண்கள் அழத் தொடங்கியபோது சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ஒருத்தியை இடித்தான், சட்டென்று அடங்கிவிட்டது. லாரி திரும்பி மறையும் வரை செசிலி முதுகை நேராக வைத்துக் குனிந்து நின்றாள்.

3

மூன்று மாதம் போயிற்று, பிறகு இன்னும் பல மாதங்கள் போயின. ஒரு சேதி இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். செத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அழலாம். தெரியாதவரை அழக்கூடாது. கழுத்தில் தாலி இருக்கும்போது ஒப்பாரி வைத்தால் அது புருஷனைச் சாகச் சொல்வது போல ஆகிவிடும். ஆகவே லயத்தில் இத்தனை பெண்கள் பொட்டும் பூவுமாக வாயை மூடிக்கொண்டு மரவள்ளிக் காட்டில் களை பிடுங்கினார்கள். சத்தமில்லாத அந்தக் காட்டில் நடக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஏதோ வரப்போகிறது என்று தினமும் தோன்றும். வடக்கே போகும் ரயில் ஊதினால் எல்லாக் கைகளும் நின்று, பிறகு மறுபடி அசையும்.

எனக்கு அழாமல் இருப்பது பழக்கம்தான். எங்கள் அப்பா இறந்தபோது என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மாரடித்து அழுவது வேதக்காரர்களுக்கு அழகில்லை என்று சொல்லி, எல்லாரையும் உட்கார வைத்து ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். அம்மாவும் சொன்னாள், ஒரு மணிகூடத் தவறவில்லை. ஊரே அவளுடைய தைரியத்தை மெச்சியது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு வந்த தலைவலி கடைசி வரை போகவில்லை. நெற்றியில் ஈரத்துணியோடு இருட்டறையில் படுத்திருந்த அம்மாதான் எனக்கு ஞாபகம் இருக்கிறாள். அந்தத் தைரியத்தின் விலையை மெச்சியவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை.

எனக்கும் அதே தலைவலி வந்தது. கோபம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைச் செசிலி கைதவறிப் போட்டதற்கு அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிய அறைந்தேன். அவள் அழாமல் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள், சிப்பாய்க்கு வணங்குவது போல. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வெட்ட வேண்டாத இடத்தையெல்லாம் வெட்டினேன். கொஞ்ச நேரம் நெஞ்சுப் பாரம் இறங்கும். திரும்பி வீட்டுக்குள் வந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும்.

4

கீழ் லயத்தில் ராசம்மா என்று ஒரு பெண். புருஷன் பெயர் கோவிந்தன், என் கணவர் போன அதே லாரியில் போனவன். அவன் போன பிறகு அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மறுநாள் காலையே அவள் களை பிடுங்க வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

ஒரு மத்தியானம் அவள் என்னிடம் வந்து நின்றாள். "டிரெஸரம்மா, கால்ல புண்ணு. மருந்து இருந்தாக் குடுங்க."

"காட்டு."

"வேணாம்மா, நாத்தம் புடிச்ச புண்ணு."

அவளுடைய இரண்டு காலும் என் கண் முன்னால்தான் இருந்தன. சேறு இருந்தது, புண் இல்லை. அவள் தலை குனிந்து நின்றாள். சேலையில் ஒரு வாடை அடித்தது. டிரெஸர் பெண்டாட்டிக்கு அழுகும் சதையின் வாடை தெரியாமல் போகாது. சயாமிலிருந்து ஓடி வந்தவர்களின் காலில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருக்கும் என்று ரயில்காரர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோவிந்தன் வந்துவிட்டான், சதுப்புக் காட்டுப் பக்கம் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

மிச்சமிருந்த களிம்பைக் கொடுத்தேன். கொதிக்க வைத்த துணியையும் கொடுத்தேன். என் கணவரைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். சந்தோஷத்தை என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடுகிறேன், அன்று எனக்கு அவள் மேல் வந்தது பொறாமை. அவளுடையவன் வந்துவிட்டான், என்னுடையவர் வரவில்லை. அன்று பின்கட்டு முழுக்க வெட்டினேன்.

அந்த வாரமே பெரிய கிராணி காப்பிக்கு வந்தார். காப்பி என்பது மரவள்ளியை வறுத்து இடித்த கரித்தண்ணீர். அதை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "சயாம்லேருந்து ஆளுங்க ஓடியாறாங்களாம், டிரெஸரம்மா. நம்ம தோட்டத்துக்காரன் ஒருத்தன குளுவாங் பக்கம் பார்த்ததா பங்களால பேச்சு. புடிச்சா அவன மட்டும் இல்ல, ஒளிச்சு வெச்ச குடும்பத்தையும் கொண்டு போயிருவாங்க. மருந்து குடுத்தவங்களையுந்தான்."

"யாருன்னு தெரியுமா?" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

"தெரியாம போயிருமா? ஜப்பான்காரனுக்கு நம்ம ஆளுங்க மொகம் எல்லாம் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்லயே. ஒரு சாவு விழட்டும். நம்ம பொம்பளைங்க செத்தவனுக்கா அழுவாங்க? அவளவ தன் கவலைக்கு அழுவா. எவ அழலையோ, அவ வீட்டுக்கு ஆள் வந்துட்டான்னு அர்த்தம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "காப்பி நல்லாருக்கு" என்று எழுந்தார்.

5

சாவு விழுந்தது. மாரிமுத்துக் கிழவர், தோட்டத்துக் காவல்காரர். உடம்பு வீங்கி, ஒரு விடியலில் மூச்சு நின்றுவிட்டது. கல்யாணம் செய்யாதவர், இங்கே ஒரு சொந்தமும் கிடையாது. உயிரோடு இருந்தபோது பெண்களை விறகு பொறுக்க விடாமல் விரட்டியவர், அவர் மேல் யாருக்கும் பெரிய பாசமில்லை.

ஆனால் அன்று கீழ் லயத்தில் எழுந்த அழுகையைப் போல நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோள் மேல் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை முட்டி அழுதார்கள். "கடல தாண்டி வந்து கைய விட்டீங்களே, காட்டு வழி போயி கண்ணுக்கு மறஞ்சீங்களே" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். கிழவர் எந்தக் காட்டு வழியும் போகவில்லை. சயாமுக்குப் போனவனுக்கு அது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை மாதம் பூட்டி வைத்த வாயெல்லாம் அந்தக் கிழவரின் புண்ணியத்தில் திறந்தது. சாவு வீட்டில் அழுவதற்கு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

நான் செசிலியோடு மரியாதைக்குப் போயிருந்தேன். ஓரமாக நின்றேன். ரப்பர் மரத்தடியில் பெரிய கிராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிணத்தைப் பார்க்கவில்லை. வட்டத்தில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசம்மா வட்டத்தில் இல்லை. குடம் தூக்கித் தண்ணீர் கொண்டு வந்தாள், மறுபடி போனாள், மறுபடி வந்தாள். கண் வறண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கிராணியின் பார்வை அவள் மேல் வந்து நின்றதைப் பார்த்தேன். இந்த முறை அது நகரவில்லை.

என் கால் தானாக நடந்தது. குடத்தைப் பிடுங்கி வைத்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வந்து உக்காரு. அழு."

"வேணாம்மா. என்னால முடியாதும்மா."

"கிராணி ஒன்னையே பாக்குறாரு. செத்துப்போன ஒன் புள்ளய நெனச்சாவது அழு, ராசம்மா."

அவளைக் கட்டிப் பிடித்துச் சேற்றில் உட்கார்ந்தேன். பிள்ளை என்றதும் அவள் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. வாய் திறந்தது. பிள்ளை பேரைச் சொல்லி ஒரு கேவல். பிறகு என் காதோடு வாயை வைத்து, அழுகையோடு அழுகையாக அது வந்துவிட்டது: "டிரெஸரம்மா, என்ன மன்னிச்சுருங்கம்மா. உங்க ஐயா இல்லம்மா. காலரால போயிட்டாரும்மா. எங்க ஊட்டுக்காரருதான் புதைச்சாரும்மா."

என்னைப் பார்க்காமல் தலை குனிந்தது இதற்குத்தான். அவள் அடக்கி வைத்திருந்தது தன் சந்தோஷத்தை இல்லை, என் துக்கத்தை.

அவள் நிறுத்தவில்லை. பூட்டு உடைந்துவிட்டது. குரல் ஏறிக்கொண்டே போனது. "டிரெஸரய்யா" என்று அடுத்த வரியைச் சத்தமாக எடுக்கப் போகிறாள். அந்த ஒரு சொல் மரத்தடிக்குப் போனால் கோவிந்தன் இல்லை, அவள் இல்லை, நானும் செசிலியும் இல்லை.

அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு நான் அலறினேன். வார்த்தை எதுவும் இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டேன், மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டேன். அவள் குரலை மறைக்கத்தான் தொடங்கினேன். மூன்றாவது மூச்சில் அதை மறந்துவிட்டேன். என் கணவர் லாரியில் வாயைத் திறந்தது மட்டும் கண் முன்னால் நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. சைக்கிள் தடம் பங்களாப் பக்கம் போயிருந்தது. செசிலி தூரத்தில் நின்று என்னை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், "கூலிக்காரங்க மாதிரி சேத்துல புரண்டு, யாரோ ஒரு கெழவனுக்கு. சென்செய் பார்த்திருந்தா எனக்கு மானமே போயிருக்கும்" என்றாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. பத்து பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது பள்ளிக்கூடம் வரை போகும்.

அன்றிலிருந்து எந்த நிமிஷமும் லாரி வரும் என்று காத்திருந்தேன். லாரி வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயத்துக்கு நடுவிலும் தலைவலி விட்டுவிட்டது. செசிலியை அதன் பிறகு நான் அடிக்கவில்லை. அவ்வப்போது மத்தியானத்தில் ராசம்மா கிழங்கு சீவ வருவாள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் வாயில் துணி வைத்து அழுவோம். அழுது முடித்துவிட்டுச் சீவுவோம். அதற்குப் பெயர் கோழைத்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

6

ஜப்பான்காரன் போன பிறகு கோவிந்தன் வெளியே வந்தான், ஒரு காலை இழுத்துக்கொண்டு. செசிலியிடம் "அப்பா சயாமில் இறந்துவிட்டார், கோவிந்தன் சேதி கொண்டு வந்தான்" என்று மட்டும் சொன்னேன். அவள் முதுகை நேராக வைத்துக் கேட்டுக்கொண்டாள். பூசை வைத்தபோதும் அழவில்லை. இப்போது இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறாள், ஜப்பான் பாட்டையெல்லாம் மறந்தாயிற்று. அந்த ஒரு பாடத்தை மட்டும் மறக்கவில்லை. வகுப்பில் ஒரு பெண்ணின் கையைக் கடித்து ரத்தம் வர வைத்தாள் என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இருட்டறையில் படுத்திருந்த எங்கள் அம்மாதான் ஞாபகம் வருகிறாள்.

நேற்று சயாமில் இறந்தவர்களின் விவரம் பதிய வேண்டும் என்று தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். செசிலியையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் அதே பெரிய கிராணி. துரை மாறினாலும் நாற்காலி மாறவில்லை.

இறந்த இடம், புதைத்த இடம், நேரில் பார்த்த சாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காட்டில் புதைத்தவருக்கு இடத்தின் பெயருக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் கேட்டார்: "சேதி உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

"சண்டை முடிஞ்ச பெறகு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "இல்ல, டிரெஸரம்மா. கெழவன் செத்த அன்னிக்கு."

நான் பக்கத்தில் இருந்த செசிலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ராசம்மா அழலன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க அவள இழுத்து உக்கார வெச்சீங்க, அவ அழுதா. சரி, தப்பா நெனச்சிட்டோம்னு கெளம்பப் போனேன். அப்பதான் நீங்க அழுதீங்க. அது வேற அழுகம்மா. சேதி வந்தவதான் அப்படி அழுவா. சேதின்னா கொண்டாந்தவன் ஒருத்தன் இருக்கணும்ல? அவ ஒங்க காதுல பேசுனதையும் பார்த்தேன்."

அத்தனை மாதமும் எங்கள் நான்கு உயிரும் இந்த மனுஷரின் வாய்க்குள் இருந்திருக்கிறது. நான் மறைத்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில்தான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"உங்க ஊட்டுக்காரர் பேர எழுதினது இந்தக் கைதானே" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "மறுபடி எழுத வரல."

அவரைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து வந்தோம். கிழவரைப் புதைத்த மேடு பக்கம் வந்ததும் செசிலி நின்றாள்.

"அம்மா, அன்னிக்கு நீங்க அழுதது அப்பாவுக்கா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதும்மா. நான் கெழவருக்குன்னு நெனச்சேன். நான் உங்கள எவ்வளவு பேசினேன்."

வழக்கம்போல முதுகை நேராக்கிப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள். ஸ்டேஷன் பக்கம் வடக்கே போகும் ரயில் ஊதியது. அவ்வளவுதான், மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து "அப்பா" என்று வாய்விட்டுக் கத்தினாள். லாரி போன அன்று வந்திருக்க வேண்டிய சத்தம் அது. பால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள், ஒருத்தி ராசம்மா. எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

ஊரில் உள்ளவர்களே, நீங்கள் கடிதந்தோறும் எனக்கு எழுதுகிற அந்த வார்த்தை என் வாய் வரை வந்தது. என் பெண்ணிடம் நான் அதைச் சொல்லவில்லை.